ஒன்பதின் மேல் பன்னிரண்டு ஒட்டிய நாள்

சரியான அடாப்டரைக் கையில் எடுத்த பிறகு, அதைத் திரும்பவும் டிராயரில் வைத்துவிட்டு, தவறான ஒன்றைத் தேடிப் பிடித்து வாடிக்கையாளரிடம் கொடுக்க ஒருத்தியால் எப்படி முடியும்? அதுவும் எலக்ட்ரானிக்ஸில் நான்கு வருடம் படித்து, கையில் மீட்டரும் மூக்கில் கண்ணாடியும் வைத்திருப்பவளால்? இந்தக் கேள்வியை எனக்கு நானே பல முறை கேட்டுவிட்டேன். இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

நம் மீன்தொட்டிக் கடையின் சர்வீஸ் கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். "நோட்ஸ் மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, அஞ்சு வருஷம் அனுபவம் இருக்குல்ல" என்றார் முதலாளி. எந்தப் பம்புக்கு எந்த வாஷர், எந்த ஃபில்டருக்கு எந்த மோட்டார் என்பதையெல்லாம் அவர் எதிர்பார்க்கிறார் என்று தெரியும். அந்தப் பட்டியல் ஏற்கெனவே பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, நான்தான் ஒட்டினேன். மூன்று நிறப் பேனாவில் எழுதி, ஓரத்தில் கோடு போட்டு, லேமினேட்டும் செய்தேன். நான் சொல்ல வந்தது லேமினேட் செய்து சுவரில் மாட்டக்கூடிய விஷயம் இல்லை.

முப்பத்திரண்டு வயதில் 'என் பணிக் காலத்தில்' என்று ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மகள் எல்.கே.ஜி. போகிறாள், பள்ளி மதியமே விட்டுவிடுகிறது, கடை இரவு வரை இருக்கிறது. இந்தக் கணக்கில் நான் ஓய்வு பெற்றவளாகிவிட்டேன். பிரிவுபசாரத்தன்று எனக்கு ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியைப் பரிசாகக் கொடுத்தீர்கள். அதற்கு லைட் இன்னும் வாங்கவில்லை. ஏன் என்பது இதைப் படித்து முடித்தால் புரியும்.

போன மே மாதம், ஒரு வியாழக்கிழமை. வெயில் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி இரும்புலியூர் சந்துக்குள் நம் கடை ஷட்டர் வரைக்கும் வந்து நின்றிருந்தது. நம்முடைய சீனியர் (பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் சீனியர் என்றே இருக்கட்டும்) மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தொட்டி பொருத்தப் போயிருந்தார். கவுன்ட்டரில் நான் மட்டும்தான்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் பழைய போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றை நிற்க வைத்துக்கொண்டு ஓர் அக்கா வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். போர்வையைப் பிரித்தால் உள்ளே மூன்றடி நீள எல்.இ.டி. லைட். நல்ல கனமான அலுமினிய உடம்பு. மேல்பக்கம் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று இரண்டு குட்டிக் காத்தாடிகள். லைட் சூடாகாமல் இருக்க அவைதான் காவல். லைட்டுக்குத் தனி வயர், காத்தாடிகளுக்குத் தனியாக ஒரு சின்ன அடாப்டர்.

"லைட்டு நல்லா எரியுது. காத்தாடி அடாப்டரு வாளித் தண்ணில வுழுந்துடுச்சி, பூட்ச்சு. வேற ஒண்ணு குடும்மா."

"பழைய அடாப்டர் எங்கக்கா?"

"அத்த எதுக்கு எத்துகினு வரணும்? செத்துப்போனத தூக்கிக் குப்பைல போட்டேன்."

அவர் பெயர் கஸ்தூரி. பள்ளிக்கரணையில் வீடு. ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு அங்கே நெல் வயல் இருந்ததாம். இப்போது வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் தண்ணீர்ச் செடி வளர்த்து மீன் கடைகளுக்குக் கொடுக்கிறார். பச்சைச் செடி எல்லோரும் வளர்ப்பார்கள். அவருடையது சிவப்புச் செடி. இலை ரத்தச் சிவப்பாக வர வேண்டுமென்றால் இந்த மாதிரி பலமான லைட் வேண்டும். இந்த லைட்டோ இப்போது விற்பனையிலேயே இல்லை.

"ஞாயித்துக்கெழம காலைல ஒரு ஓட்டலுக்குச் செடி போவுது. மொத மொதல்ல வந்த பெரிய ஆர்டரு. என் கொழுந்தனாரு அந்த ரூம காலி பண்ணு, செல்போன் கடைக்கு வுடலாம்னு ஆறு மாசமா உசுர வாங்குறாரு. இந்த ஆர்டரு ஒழுங்காப் போச்சுன்னா அவர் வாயி மூடும். லைட்டு கெட்டா ரூமும் போச்சு, நானும் போனேன். புரிதா?"

புரிந்தது. தேவைக்கு மேலேயே புரிந்தது. அதுதான் என் பிரச்சினை. எனக்கு யாராவது 'இது ரொம்ப முக்கியம்' என்று சொல்லிவிட்டால், தெரிந்த விஷயமும் தெரியாததாகிவிடும். மகளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் தெர்மாமீட்டர் மேல் நம்பிக்கை வராமல் என் அக்குளில் வைத்து, கணவர் அக்குளில் வைத்து, கடைசியில் வெந்நீரில் வைத்துப் பார்த்து அதை உடைத்தவள் நான்.

காத்தாடியின் தூசியைத் துடைத்துப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட். டிராயரைத் திறந்தேன். பழைய அடாப்டர்கள் நாற்பது இருக்கும், உங்களுக்கும் அந்த டிராயர் பழகியிருக்கும். முதலில் கையில் வந்தது புதிய ரக, லேசான அடாப்டர். பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர். மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஒன்று. முனை சரியாகப் பொருந்தியது. நடுவில் ப்ளஸ், வெளியே மைனஸ். அதை மூன்று முறை சரிபார்த்தேன். வேலை முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

கஸ்தூரி அக்கா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பழசுல அரைன்னு போட்டிருந்துச்சு. இதுல ரெண்டுன்னு கீது. நாலு மடங்கு போனா குட்டிக் காத்தாடி கருகாது?"

"இல்லக்கா. காத்தாடிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் அது இழுக்கும். மீதி அடாப்டர்லயே இருக்கும்."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

சொல்லியிருக்க வேண்டும். முதல் வருடப் பாடம் அது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தனாரும் செல்போன் கடையும் ஒன்றாக என் தலைக்குள் வந்து நின்றார்கள். "இருங்கக்கா, வேற பார்க்கறேன்" என்று அடாப்டரை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் தூக்கிய ஒரு புருவத்தின் முன்னால் நான்கு வருடப் படிப்பு தோற்றுவிட்டது.

அடுத்து எடுத்தது பழைய ரக அடாப்டர், செங்கல் மாதிரி கனமானது. ஸ்டிக்கரில் பன்னிரண்டு வோல்ட், அரை ஆம்பியர். மீட்டரில் வைத்தேன். பதினாறரை காட்டியது. ஐயோ என்று தூர வைத்தேன், தேளைத் தொட்ட மாதிரி.

மூன்றாவதும் அதே ரகச் செங்கல். ஸ்டிக்கரில் ஒன்பது வோல்ட், அரை ஆம்பியர். மீட்டரில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். என் மூளை அப்போது என்ன சொன்னது தெரியுமா? 'ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டார்கள்.' அடாப்டர் செய்த கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது! மீட்டர் பன்னிரண்டு என்கிறது, அக்கா கேட்ட அரையும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நிம்மதி. வெள்ளை டேப் கிழித்து ஒன்பதின் மேல் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் அழகாக '12 வோல்ட்' என்று எழுதினேன். என் கையெழுத்து பள்ளியில் பரிசு வாங்கியது. அதன் கீழே ஒரு டிக் வேறு போட்டேன்.

செருகியதும் இரண்டு காத்தாடியும் சுற்றின. சத்தமே இல்லை.

"முன்ன உய்யுன்னு கத்திகினே கெடக்கும். இப்ப பாரேன், எவ்ளோ அமைதி!" என்றார் அக்கா.

"நல்ல அடாப்டர்க்கா" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். ஏதாவது சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொல்லி என் சொந்த எண்ணையும் கொடுத்தேன். சீனியரைப் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முந்தின வாரம் நான் ஒரு பம்பை ஸ்விட்ச் போடாமலேயே இருபது நிமிடம் சோதித்ததை அவர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன்.

"எம்மா, காத்தாடி ஒண்ணு சுத்தவே இல்ல. இன்னொண்ணு நொண்டுது. லைட்டு மேல கைய வெக்க முடியல, தோசக் கல்லு மாதிரி கீது."

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் முதலில் என்ன சொல்வீர்கள்? சொல்லிவிட்டீர்களா? நல்லது. நான் அதைச் சொல்லவில்லை.

"எந்தப் பக்கக் காத்தாடி அக்கா?" என்று கேட்டேன். இடது பக்கம் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். விரலால் தள்ளிவிட்டால் சுற்றுகிறதா? அடாப்டர் சூடாக இருக்கிறதா? வாசனை வருகிறதா? ஃபிரிட்ஜ் சத்தம் மாறியிருக்கிறதா? ரூம் ஜன்னல் திறந்திருக்கிறதா?

"ஜன்னலா? சதுப்பு நெலத்துக் கொசு மொத்தமும் உள்ள வந்து குந்திக்கும். மூடிதான் கீது."

மகள் வாயில் சாதத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலண்டர் பின்பக்கத்தில் பதில்களைக் குறித்துக்கொண்டிருந்தேன், எண் போட்டு. காரணம் தெரியாமல் எதையும் சொல்லிவிடக் கூடாது, தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவனமெல்லாம். பதினொரு நிமிடம். போனில் காட்டியது. பதினொன்றாவது நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"அக்கா! முதல்ல லைட்டை ஆஃப் பண்ணுங்க! உடனே!"

"ஏம்மா, நான் போன் போடறதுக்கு முன்னாடியே பிளக்க புடுங்கிட்டேன். கையி சுட்டதும் எவளாச்சும் வுட்டுவெப்பாளா? நீ கேட்டுகினே கீறியே, படிச்ச பொண்ணு ஏதோ கணக்குப் பண்ணுதுன்னு நானும் ஞாபகத்துலயே பதில் சொல்லிகினு கீறேன்."

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சிறியதுதான். போனில் யாராவது 'சுடுகிறது' என்றால் முதல் வார்த்தை 'பிளக்கைப் பிடுங்குங்கள்'. மற்ற கேள்வியெல்லாம் இருட்டிலும் கேட்கலாம். ஒருநாள் இருட்டில் இருந்தால் செடி செத்துவிடாது. வாடிக்கையாளர் நம்மைவிடப் புத்திசாலியாக இருப்பார் என்று ஒவ்வொரு முறையும் நம்ப முடியாது.

அடுத்து சீனியருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது நல்ல சகுனம் இல்லை.

"ஸ்டிக்கர்ல ஒன்பதுன்னு போட்டிருந்துச்சா?"

"ஆமாண்ணா. ஆனா மீட்டர்ல பன்னெண்டு காட்டுச்சு."

"லோடு போட்டு அளந்தீங்களா மேடம்?"

காலண்டர் பின்பக்கத்தைப் பார்த்தேன், நான் குறித்திருந்த கேள்விகளில் அது இல்லை.

"வேலையே குடுக்காம நிக்க வெச்சுப் பார்த்தா எல்லாரும் பயில்வான்தான் மேடம். ஒரு மூட்டையத் தூக்கச் சொல்லிப் பார்த்தாதான தெரியும்? அந்தப் பழைய ரகம் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணரைப் பங்கு காட்டும். காத்தாடியைக் கோத்தா நெஜ நம்பருக்கு எறங்கிடும். அதுக்கு மேல இந்த வெயில்ல ஊர்ல இருக்குற அத்தனை ஏசியும் ஓடுது, லைன் வோல்டேஜ் படுத்துடுது. அதுவும் கூடவே படுத்திருக்கும்."

அதாவது, தேள் என்று நான் தூர வைத்தது சரியான அடாப்டர். முதலில் கையில் வந்தது அதைவிடச் சரியானது. நாற்பது அடாப்டரில் காத்தாடியைப் பட்டினி போடக்கூடிய ஒன்றைத்தான் நான் மீட்டர் வைத்து, கவனமாக, பொறுப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். அன்று அவ்வளவு அமைதியாக இருந்ததே, அது பட்டினியின் அமைதி. கண்ணை மூடிக்கொண்டு டிராயரில் கைவிட்டிருந்தால்கூட இதைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடை வாசலிலேயே சீனியர் அந்த இரண்டு ஆம்பியர் அடாப்டரோடு நின்றிருந்தார். திட்டவில்லை. "பாப்பாவுக்குத் தொப்பி போடலையா? வெயிலு மண்டையப் பொளக்குது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளிக்கரணை போகும்வரை ஷேர் ஆட்டோவில் மகள் மடியில் தூங்கினாள். நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். 'அக்கா, தப்பு என் மேலதான்.' சின்ன வாக்கியம். நான்கே சொல். மேடவாக்கம் தாண்டும்வரை அது வாயில் தயாராக இருந்தது.

அவர் வீட்டு வாசலில் ஒருவர் முன்னறைக் கதவின் அகலத்தை அளவு டேப்பால் அளந்துகொண்டிருந்தார். கொழுந்தனார். ஷட்டர் போட எத்தனை அடி வேண்டும் என்று பார்க்கிறார் என்பது கேட்காமலே தெரிந்தது.

"வாங்கம்மா வாங்க. கடைலருந்து ஆளு வந்தாச்சு. அண்ணி, உன் லைட்டுக்கு டாக்டரம்மா கொழந்தையோட வந்துகினு கீறாங்க பாரு!"

"நீ மொதல்ல டேப்ப மடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். தொட்டி முழுக்கச் சின்னச் சின்னச் சட்டிகளில் செடிகள் வரிசை வரிசையாக. அத்தனையும் சிவப்பு. மாதுளை உடைத்து வைத்த மாதிரி. லைட் அணைந்து, ஜன்னல் மூடி, அந்த அரை இருட்டிலும் அந்தச் சிவப்பு தெரிந்தது. கஸ்தூரி அக்கா தொட்டி ஓரத்தில் முறத்தை வைத்து லைட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

புதிய அடாப்டரைச் செருகினேன். இந்த முறை காத்தாடி ஓடும்போதே மீட்டர் வைத்து அளந்தேன். பன்னிரண்டு. இரண்டு காத்தாடியும் உய்யென்று கத்தின. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. லைட் போட்டதும் எரிந்தது. கால் மணி நேரம் கைவைத்தே உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பு மட்டும்தான்.

"அப்பாடி. இன்னா ஆச்சு அதுக்கு?" என்று கேட்டார் அக்கா.

கொழுந்தனார் கதவில் சாய்ந்து நின்றார். கையில் டேப். மகள் எழுந்துவிட்டாள், என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் தயாராக இருந்த வாக்கியத்தைத் தேடினேன்.

"வோல்டேஜ் கம்மியா வந்திருக்குக்கா" என்றேன்.

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அதான பார்த்தேன்! இந்த ஈ.பி.காரனுங்களோட தெனம் இதே பேஜாருதான். மத்தியானமானா டியூப் லைட்டே மினுக்கும். கேட்டுகினியாய்யா? ஈ.பி. கோளாறு. என் லைட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்று கொழுந்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் கையெழுத்து போட்ட பழைய அடாப்டரை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கொழுந்தனார் முன்னால் சொன்னால் அக்காவுக்குத்தானே அவமானம், ஆர்டர் முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கரிசனம் பாருங்கள். தன் தவறை மறைப்பவர்களிடம் அடுத்தவர் மேல் இவ்வளவு கரிசனம் பொங்குவதை அதற்குப் பிறகு நான் வேறு சிலரிடமும் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. சைலன்ட்டில் இருந்த போனை எட்டிப் பார்த்தேன். செடிகள் வண்டியில் ஏறும் படம், கீழே கும்பிடும் கைகள் மூன்று. சரியாக அப்போது சபையார் பாவ அறிக்கைக்கு எழுந்தார்கள். நானும் எழுந்து எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். மற்ற வாரங்களில் குறிப்பாக எதையும் நினைக்காமல் சொல்லிவிடுவேன். அன்று பெயர், விலாசம், வோல்ட் எல்லாமே தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற கணவர், "ஏன் இன்னைக்கு இவ்வளவு சத்தம்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நேரம் அமையவில்லை. பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, லைட்தான் நன்றாக எரிகிறதே என்றாகிவிட்டது. ஒரு தவறை ஒப்புக்கொள்வதற்கு முதல் ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கும். அதற்குப் பிறகு போனால் கதவைத் தட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கொழுந்தனார் நின்றாலும் சொல்லிவிடுங்கள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆடி மாதம் கஸ்தூரி அக்கா கடைக்கு உரம் வாங்க வந்தார். முகம் வாடியிருந்தது.

"எடப் பக்கம் வெக்கிற செடியெல்லாம் பச்சையாப் போவுதும்மா. வலப் பக்கம் நல்லாத்தான் செவக்குது. மண்ண மாத்துனேன். உரத்த மாத்துனேன். போரு தண்ணிய வுட்டுட்டு லாரித் தண்ணி ஊத்துறேன். கண்ணு பட்டுச்சுன்னு எலுமிச்சங்காகூடச் சுத்திப் போட்டேன். என் கைதான் சரியில்லபோல."

போனில் படம் காட்டினார். தொட்டியின் நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. அந்தக் கோடு சரியாக எங்கே விழுந்திருந்தது தெரியுமா? சனிக்கிழமை நின்றுபோன காத்தாடி எந்தப் பாதிக்குக் காற்று கொடுக்க வேண்டுமோ அந்தப் பாதியின் எல்லையில்.

லைட் எரிகிறதா இல்லையா என்றுதான் அன்று பார்த்தேன். அந்தப் பக்கத்து எல்.இ.டி.கள் சூட்டில் தளர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியவில்லை. எல்.இ.டி. செத்தால் தெரியும். தளர்ந்தால் செடிக்குத்தான் தெரியும்.

அன்றும் சொல்லவில்லை. அவர் வாங்க வந்த உரத்தை எடுத்துக் கொடுத்தேன். தேவையில்லாத உரம் என்று தெரிந்தே கவரில் போட்டுக் கொடுத்தேன். இந்த ஐந்து வருடத்தில் நான் செய்ததிலேயே மோசமானது ஒன்பதின் மேல் பன்னிரண்டு ஒட்டியது இல்லை. இதுதான்.

சீனியரிடம் மட்டும் சொன்னேன். அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் எல்.இ.டி. போர்டு வேலை பார்த்தவர்.

"இதுக்கா இப்படி முகத்தை வெச்சுக்கிட்டு இருக்கீங்க? சர்வீஸுக்குன்னு சொல்லி லைட்டை வாங்குங்க. அந்த வரிசையை நான் மாத்திக் குடுத்துடறேன். அரை நாள் வேலை. யாருக்கும் தெரியாது."

எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். லைட் சரியாகி, செடி சிவந்தால், அக்கா என்ன நினைப்பார்? லாரித் தண்ணீர்தான் காரணம் என்று நினைப்பார். வாழ்நாள் முழுக்க லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவார். இல்லையென்றால் எலுமிச்சங்காய். அதைவிட, தன் கை சரியில்லை என்று இத்தனை மாதம் நம்பினாரே, அந்த எண்ணத்தை யார் எடுப்பது? நான் எந்த வேலையையும் இருமுறை சரிபார்த்து, மூன்றாவது முறையும் சந்தேகப்படுகிறவள். அது என் சுபாவம், பழகிவிட்டது. கை சுட்டதும் யாரையும் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கிய ஒரு மனுஷியை நான் என்னைப் போல ஆக்கிவிட்டேன். கடைசியாக வந்தபோது, "தண்ணி எந்த நேரத்துல ஊத்தறது, காலையிலயா சாயங்காலமா, நீயே சொல்லும்மா" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

ஹோட்டல்காரர்கள் இப்போது பாதிச் செடிதான் எடுக்கிறார்களாம். கொழுந்தனார் திரும்பவும் வாடகைப் பேச்சை எடுத்துவிட்டாராம்.

வேலையை விடுவதற்கு முன் செய்த ஒரே நல்ல காரியம், போன வாரம் அவருக்குப் போன் செய்ததுதான்.

"அக்கா, லைட்டைக் கடைக்குக் கொண்டு வாங்க. செலவு ஒண்ணும் இல்ல. ஒருதடவை திறந்து பார்த்துடலாம்."

"லைட்டு நல்லாத்தான கீது? எதுக்கு?"

"நேர்ல சொல்றேங்க்கா."

"சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பொதன்கெழம பதினோரு மணிக்கு வரேன்."

புதன்கிழமை நீங்கள் இருவரும் கவுன்ட்டரில் இருப்பீர்கள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நானும் வந்துவிடுவேன். போர்வை சுற்றிய லைட்டோடு ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்குவார். அவர்தான்.

நான்கு நாளாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். 'அக்கா, ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்தேன். சின்ன விஷயம் இல்லையே என்று அடித்துவிட்டேன். 'அக்கா, டெக்னிக்கலா என்ன ஆச்சுன்னா' என்றேன். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் அதையும் அடித்தேன். 'நீங்க என்னை மன்னிக்கணும்' என்று ஆரம்பித்தால், என்ன ஏது என்று தெரிவதற்கு முன்பே அவர் மன்னித்துவிடுவார். அது நியாயம் இல்லை. ஷேர் ஆட்டோவில் வைத்திருந்த அந்த நான்கு சொல்லை எழுதினால், ஆறு மாதம் கழித்து அது போதாது என்று தோன்றுகிறது. சீனியரைக் கேட்டால், "வாயத் தொறந்தா தானா வரும் மேடம்" என்கிறார். எனக்குத் தானாக எதுவும் வந்ததில்லை.

உங்களில் ஒருத்தி ஐ.டி.ஐ. முடித்தவள், இன்னொருத்தி வேறொரு கடையில் இரண்டு வருடம் கவுன்ட்டரில் நின்றவள். ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒருவரிடம், இப்படிப்பட்ட ஒன்றை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எப்படித் தொடங்கினீர்கள்? முதல் வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுங்கள், போதும். செவ்வாய்க்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரி. இரண்டாவது வாக்கியத்திலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.